சனிக்கிழமை மூன்று மணிக்குச் சாயும் பெட்டி

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில், சமையலறையை ஒட்டிய சுவர் அலமாரியில், ஒரு பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பா இருக்கிறது. அதற்குள் டிபன் கிடையாது. உலகத்தில் நடக்கப்போவதை முன்கூட்டியே உணரும் கருவி என்று என் அண்ணன் மூன்று வருடம் நம்பியது அதைத்தான். நான் அந்த மூன்று வருடமும் அதைக் கேலி செய்தேன். நாங்கள் இருவரும் அதை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அண்ணியின் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுக்கொண்டிருந்தது. அவர் விமானம் ஏறுவதற்குள் அது எங்களுக்குத் தெரியவருமா வராதா என்பதுதான் அந்த வருடம் எங்கள் வீட்டில் இருந்த ஒரே உண்மையான கேள்வி. அப்படி ஒரு கேள்வி இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

அண்ணன் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அப்பா கட்டிய வீடு. மாடியில் அண்ணனும் அண்ணியும், கீழே நான் தனியாக. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குக் காரணம் என்று எதுவும் இல்லை. அவர்களுடைய ஒரே மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். சாப்பாடு மூன்று பேருக்கும் மாடியில்தான். வாரத்துக்கு வேண்டிய இட்லி மாவு மட்டும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் கீழே வந்துவிடும், ஏனென்றால் நான் காலையில் மாடி ஏறுவதற்குச் சோம்பல்படுவேன். அந்த டப்பா எப்படி நிரம்புகிறது என்று இருபது வருடத்தில் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

பெட்டி வேலை செய்கிற விதம் எளியது. உள்ளே கடுகளவு ஒரு டயோடு. அதில் மின்சாரம் பாயும்போது ஒழுங்கில்லாத ஓர் இரைச்சல் உண்டாகும். காதுக்குக் கேட்காது, கருவிக்குக் கேட்கும். அந்த இரைச்சலை வைத்து விநாடிக்குப் பல நூறு முறை பெட்டி காசு சுண்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தலை, பூ, பூ, தலை. பக்கத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் அதைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு கோடாக வரையும். தலையும் பூவும் சமமாக விழுந்தால் கோடு நேராகப் போகும். தலை கூடுதலாக விழுந்தால் மேலே ஏறும். அண்ணன் இதற்குச் சாய்வது என்று பெயர் வைத்திருந்தார். உலகத்தில் பெரிதாக ஏதாவது நடக்கும் முன்பும், கோடிக்கணக்கான மனசுகள் ஒரே விஷயத்தில் குவியும்போதும் இந்தப் பெட்டிகள் சாய்கின்றன என்று சில வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதை அவர் வீடியோவில் பார்த்திருந்தார். பார்த்த மறுநாள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போய்ச் சாமான்களை வாங்கிவந்துவிட்டார்.

அவர் ஜோசியம் பார்க்கிறவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மகள் கல்யாணத்துக்கே ஜாதகம் வேண்டாம் என்று சொந்தக்காரர்களைப் பகைத்துக்கொண்டவர். ஆனால் தற்செயல் என்ற சொல் மட்டும் அவருக்கு ஆகாது. தாம்பரம் ஸ்டேஷனில் நிற்கும்போது ஒரு பழைய சகாவை நினைத்தாராம், அடுத்த வண்டியிலிருந்து அந்த ஆள் இறங்கினாராம். இதை என்னிடம் ஏழெட்டு முறை சொல்லியிருக்கிறார்.

"நீ நினைச்சு வராம போனவங்க எத்தனை பேர்? அந்தக் கணக்கு வச்சிருக்கியா?" என்று நான் கேட்பேன்.

"வராதவங்களை எப்படிம்மா கணக்கு வைக்கிறது?"

"அதான் நான் முப்பது வருஷமா சொல்லிக்குடுத்த பாடம்."

அவர் முகம் சுருங்கும். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியைக்குத் திருத்துவதற்கு யாராவது வேண்டும்.

பெட்டியை வைத்த முதல் இரண்டு மாதத்திலேயே அண்ணனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பெட்டி சாய்வது பெரும்பாலும் சனிக்கிழமைகளில். அதுவும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல். ஏரிக்கரைப் பக்கம் நடக்கும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு இரண்டரைக்குக் கிளம்பிப்போய் ஐந்தரைக்குத் திரும்புவார். வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் பார்ப்பார். கோடு ஏறியிருக்கும். உடனே டிவியைப் போட்டுச் செய்தியில் தேடுவார். தேடினால் கிடைக்காமல் போகுமா? ஏதோ ஒரு நாட்டில் நிலம் நடுங்கியிருக்கும், எங்கோ ஒரு கப்பல் கவிழ்ந்திருக்கும். ஒன்றும் இல்லாத வாரத்தில் இன்னும் இரண்டு நாள் காத்திருப்பார், அதற்குள் ஏதாவது நடந்துவிடும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார்.

"சனிக்கிழமைன்னா சும்மாவா?" என்றார் ஒரு நாள், குரலைத் தாழ்த்தி.

ஜாதகத்தைத் தூக்கிப்போட்ட மனிதர். விஞ்ஞானத்தின் வாசல் வழியாகச் சனி பகவானை வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தார்.

அடுத்து இன்னொன்றும் கண்டுபிடித்தார். தீபாவளி, பொங்கல், ஆயுத பூஜை என்று பண்டிகை வந்தால் அதற்கு முந்தின நாளோ அன்று காலையோ பெட்டி சாயும். ஊர் மொத்தமும் ஒரே நினைப்பில் இருக்கிறதல்லவா, அந்த மனசுகளின் சேர்க்கைதான் என்றார். பூவும் பழமும் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில்தான் அது சாய்ந்திருக்கும், வந்து பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைக்காமல் எனக்குப் போன் செய்வார். விடாமல் மூன்று பண்டிகைக்குச் சரியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. சும்மா தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு அது ஒழுங்காக இருந்தது. கருவியில் ஏதோ கோளாறு என்று மட்டும் தெரிந்தது, என்ன கோளாறு என்று தெரியவில்லை.

"டேட்டாவை மொத்தமா என்கிட்ட குடு. நான் பாக்கிறேன்" என்று கேட்டேன்.

"நம்பாத மனசோட பாத்தா அது ஒத்துழைக்காது."

"ஏற்கெனவே நடந்து முடிஞ்சதைத்தானே பாக்கப்போறேன்? அது என்ன, எழுந்து ஓடிடுமா?"

ஒன்றரை வருடம் தரவில்லை.

மூன்றாவது வருடம் சித்திரை மாதம் மகள் போன் செய்தாள். புரட்டாசியில் பிரசவம். அண்ணி ஆவணியில் போய் ஆறு மாதம் கூட இருக்க வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத் தரித்த குழந்தை. அண்ணி அன்று சாயங்காலமே மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய்வந்தார். மறுநாளிலிருந்து பிரசவ மருந்துக்குச் சாமான்கள் வறுக்கவும் இடிக்கவும் ஆரம்பித்தார். அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

வைகாசியில் ஒரு நாள் மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. முட்டிவலி."

ஆனியில் இன்னொரு முறை. அப்போதும் முட்டிவலி. முட்டிவலிக்கு ஏன் வாயைத் திறந்து மூச்சு விடுகிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். தைலம் வாங்கிக்கொடுத்தேன்.

அண்ணன் வேறொரு மகிழ்ச்சியில் இருந்தார். பெட்டி அமைதியாகிவிட்டது. சித்திரைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூடச் சாயவில்லை. கோடு பளிங்குத் தரையில் வைத்த ஸ்கேல் போல நேராகப் போனது. பயண ஏஜென்ட் இரண்டு தேதிகள் கொடுத்தபோது பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

"ரெண்டு மாசமா உலகம் நிம்மதியா இருக்கு. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பயமில்லாம போயிட்டு வா" என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணி தலையை ஆட்டினார்.

பெட்டி அடங்கிப்போன தெம்பிலோ என்னவோ, ஆடி பிறந்ததும் டேட்டா முழுவதையும் ஒரு பென் டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் உற்சாகமாக உட்கார்ந்தேன். சாய்ந்த நாட்களை நிமிடம் நிமிடமாகப் பிரித்து வரைந்தேன். அண்ணன் ஒரே ஏற்றமாகப் பார்த்தது அப்படியில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மேடுகள். முதலில் அரை மணி நேரத்துக்கு ஒன்று. பிறகு பத்து நிமிடம் சமதரை. அப்புறம் இன்னொன்று, கொஞ்சம் நீளமாக. பண்டிகை நாட்களில் மட்டும் முதல் மேடு இருந்தது, இரண்டாவது இல்லை. மனித குலத்தின் ஒட்டுமொத்த மனசு சனிக்கிழமை தோறும் நடுவில் பத்து நிமிடம் ஓய்வெடுக்குமா என்ன? கீழே ஒரு குறிப்பும் எழுதினேன்: 'சித்திரைக் கடைசி சனிக்குப் பின் சாய்வு இல்லை. கோளாறு தானாகச் சரியாகியிருக்கலாம்.' அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை எழுதிய கையை ஓங்கி அடிக்கலாம் போல எனக்கு இப்போதும் தோன்றும்.

எனக்குச் சனிக்கிழமை மத்தியானம் மேற்கு தாம்பரத்தில் டியூஷன். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை, கல்லூரிப் பெண்கள் நான்கு பேர், அவர்களில் ஒருத்தியின் வீட்டில். ஆவணி பிறந்து முதல் சனிக்கிழமை அந்த வீட்டு அம்மா வழக்கத்துக்கு மாறாக எங்கள் வகுப்பின்போது கிரைண்டரைப் போட்டார். மின்விசிறி ஒரு கணம் தளர்ந்து மறுபடி வேகமெடுத்தது.

"சாரி மேடம், நாளைக்குக் கெஸ்ட் வராங்க. உளுந்து ஆயிடுச்சுன்னா அரிசிதான்" என்றார் உள்ளிருந்து.

அரை மணி நேரத்தில் சத்தம் நின்றது. உளுந்து மாவை வழிப்பது கேட்டது. பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓடத் தொடங்கியது. நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். உளுந்து, இடைவெளி, அரிசி. பண்டிகைக்கு வடை. வடைக்கு உளுந்து மட்டும்தான். ஒரு மேடு.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பெண்கள் நான்கு பேரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

அண்ணியின் கிரைண்டர் கல்யாணத்தின்போது வாங்கியது. பெரியது, பழையது, மோட்டார் கரகரவென்று ஓடும். அது இருப்பது பெட்டி வைத்த அதே சுவருக்கு அந்தப் பக்கம். அதன் மின்சார இரைச்சல் ஒயர் வழியாகப் பெட்டிக்குள் கசிந்து டயோடின் காசைத் தலைப்பக்கம் தள்ளியிருக்கிறது. மிக்ஸி இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும், அதனால் தெரியவில்லை. அண்ணன் ஏன் ஒருநாளும் இதைப் பொருத்திப் பார்க்கவில்லை என்பதும் புரிந்தது. அந்தச் சத்தம் அவருக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. அதனால் அவர் சங்கத்திலோ மார்க்கெட்டிலோ, நான் டியூஷனிலோ கோயிலிலோ இருக்கும் நேரமாகப் பார்த்து அண்ணி அரைத்து முடித்து, கல்லைத் தூக்கிக் கழுவி வைத்துவிடுவார். நாங்கள் திரும்பும்போது வீடு அமைதியாக இருக்கும்.

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் வெற்றியைச் சாவகாசமாகச் சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அண்ணி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். விமானத்துக்குப் பத்து நாள் இருந்தது. கூடத்தில் பெரிய சூட்கேஸ் திறந்து கிடந்தது, அதில் பாதிக்குமேல் குழந்தைத் துணி.

நான் பாடம் நடத்தினேன். இது உளுந்து, இது அரிசி, இது தீபாவளி வடை. அண்ணன் கடைசிவரை கேட்டார். எழுந்துபோய்க் கிரைண்டரில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிச் சுவிட்சைப் போட்டார். வந்து கம்ப்யூட்டர் முன் நின்றார். ஐந்து நிமிடத்தில் கோடு ஏறத் தொடங்கியது. போய் நிறுத்தினார். கோடு நேராகிவிட்டது.

"மூணு வருஷமா உலகத்தைப் பாக்கிறேன்னு இட்லி மாவைப் பாத்திருக்கே, அண்ணா" என்றேன். நன்றாக ரசித்துத்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தை மேசைமேல் விரித்து விரலால் தடவிக்கொண்டே போனார். சித்திரைக்குப் பக்கத்தில் விரல் நின்றது.

"அப்போ இதுக்கப்புறம் கிரைண்டர் ஓடவே இல்லையா?" என்றார்.

ஒரு மாதம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

அண்ணி கையில் கரண்டியோடு வாசற்படியில் நின்றிருந்தார்.

"பதினாலு பதினஞ்சு வாரமா நாம சாப்பிடுறது எந்த மாவு?" அண்ணன் மெதுவாகத்தான் கேட்டார்.

"கடை மாவுங்க" என்றார் அண்ணி. "பாக்கெட்டைப் பிரிச்சு டப்பால ஊத்திடுவேன்."

"ஏன்?"

"கல்லைத் தூக்க முடியலை. தூக்கினா மூச்சு நின்னுடற மாதிரி இருக்கு." பிறகு வேகமாகச் சொன்னார்: "சொன்னா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுவீங்க."

மறுநாள் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். எத்தனை நாளாக மூச்சு வாங்குகிறது என்று டாக்டரம்மா கேட்டார். ஒரு பத்து நாளாக என்று அண்ணி கூசாமல் சொன்னார். அண்ணன் பையிலிருந்து என் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சித்திரைக் கடைசி சனிக்கிழமையிலேர்ந்து, மேடம். இதுல இருக்கு."

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன ரிப்போர்ட் இது, எந்த லேபில் எடுத்தது என்று கேட்டார். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். வால்வு மோசமாகச் சுருங்கியிருந்தது. இந்த நிலையில் அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார்ந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை.

அறுவைச் சிகிச்சை நடந்தது. சூட்கேஸிலிருந்த குழந்தைத் துணிகள் பார்சலில் போயின. பிரசவத்துக்கு மாப்பிள்ளையின் அம்மா போனார். அண்ணி தன் பேத்தியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் பார்த்தார். அன்றிலிருந்து ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசியபோது சொன்னது ஒரே ஒரு விஷயம்.

"மூணு வருஷமா அந்தப் பெட்டி சொன்ன ஒண்ணும் பலிக்கலை. என் விஷயத்துல மட்டும் பலிக்கணுமா? நீ வந்து அதுக்கு அர்த்தம் சொல்லணுமா?"

கிரைண்டர் ஏன் ஓடவில்லை என்று கேட்டது நானல்ல, அண்ணன்தான் என்று சொல்லியிருக்கலாம். அதைவிட வேறொன்று என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஆனி மாதம் ஒரு நாள் மாவு டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கொஞ்ச நாளா இட்லி ரொம்ப மெத்துனு வருது அண்ணி, என்ன செய்றீங்க?" என்று கேட்டிருக்கிறேன். அவர் சிரித்தார். வித்தியாசம் என் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. பாராட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது அண்ணி பாரம் தூக்கக்கூடாது. சனிக்கிழமைகளில் அண்ணன் சங்கத்துக்குப் போவதில்லை. அவர்தான் கல்லைத் தூக்கிப் போட்டு, அரைத்து, கழுவுகிறார். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் பதம் சொல்கிறார். நோட்டுப் புத்தகம் பழைய பேப்பரோடு போய்விட்டது. பெட்டியை மட்டும் அண்ணன் கழற்றவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை. சொல்லப்போனால், கோடு என் போனிலும் தெரிகிற மாதிரி வைத்துத் தா என்று கேட்டு வாங்கிக்கொண்டதே நான்தான். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அன்றைக்கு என்னைக் கேலி செய்ய அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

போன சனிக்கிழமை டியூஷனில் போனைப் பார்த்தேன். மூன்று பத்துக்கு முதல் மேடு வந்தது. மூன்று நாற்பதுக்கு முடிந்தது. மூன்று ஐம்பது ஆயிற்று. நான்கு ஆயிற்று. இரண்டாவது மேடு வரவில்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அண்ணியும் எடுக்கவில்லை. பெண்களிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினேன் என்று நினைவில்லை. ஆட்டோவில் வரும்போது, மேம்பாலத்தில் நெரிசலில் நின்றபோது, ஒரே ஒரு சாம்பிளை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று நான் மாணவிகளுக்குச் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. எதுவும் உதவவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன். கதவு திறந்திருந்தது. எண்ணெய் வாசனை. அண்ணன் வாணலியின் முன் நின்று ஒரு வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அண்ணி, மடியில் ஒரு கிண்ணம் உளுந்து மாவோடு, ஈரக்கையில் அடுத்ததைத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு போனும் கூடத்தில் சார்ஜில் கிடந்தன.

"பேத்திக்கு அங்க இன்னிக்கு முதல் பல்லு தெரிஞ்சுதாம். திடீர்னு வடை கேக்கிறா உங்க அண்ணி" என்றார் அண்ணன் திரும்பாமல்.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ஏன் அதுக்குள்ள வந்துட்டே? என்ன, இப்படி மூச்சு வாங்குது?"

"முட்டிவலி" என்றேன்.

அவர் தட்டிய வடையை அண்ணனிடம் நீட்டினார். பிறகு காலால் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளி, "உக்காரு" என்றார்.